பருவக் காய்ச்சலும் தடுப்பூசியும் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஐப்பசி மழை தொடங்கியதும் நமது காணை வட்டாரத்தில் இருமலும் சளியும் காய்ச்சலும் வீட்டுக்கு வீடு எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்து நடமாடி விடுகின்றனர். முதியோர் சிலருக்கோ அதுவே மூச்சுத் திணறலாகி, மருத்துவமனைப் படுக்கை வரை கொண்டுசென்று விடுகிறது. இக்காய்ச்சல்களுள் ஒன்றான இன்புளூயன்சாவுக்கு, அதாவது மக்கள் வழக்கில் 'ஃப்ளூ' எனப்படும் காய்ச்சலுக்கு, ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளத்தக்க தடுப்பூசி ஒன்று உண்டு. ஹஜ் பயணத்திற்குத் தேர்வாகும் பெரியவர்கள் இவ்வூசியைப் பற்றிக் கேள்விப்படுகின்றனர். "மூளைக் காய்ச்சலுக்கு ஊசி கட்டாயம் என்கிறார்கள், சரி. இந்தச் சளிக் காய்ச்சலுக்கும் ஊசி வேண்டுமா?" என்று கேட்போரும் உண்டு. "ஹஜ்ஜுக்குப் போகாத நாங்களும் போட்டுக்கொள்ள வேண்டுமா?" என்று கேட்போரும் உண்டு.

நியாயமான கேள்விகள்தாம். ஆயினும் இவற்றுக்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. நோயும் பயணமும் ஊசியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த இருநூறு ஆண்டு வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், நாம் முடிவெடுக்க வேண்டிய முறை தெளிவாகும். அந்நோக்கில் எழுதப்பட்டதே இக்கட்டுரை.

ஸர்க் என்னுமிடத்தில் நடந்த ஆலோசனை

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு சமுதாயம் எவ்வாறு முடிவெடுக்க வேண்டும் என்பதற்கு இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டையொட்டிச் சிரியா, பாலஸ்தீனப் பகுதிகளில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருந்தது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் படைத்தளபதிகளைச் சந்திக்கச் சிரியாவை நோக்கிப் புறப்பட்டு, ஸர்க் என்னுமிடத்தை அடைந்தபோது இச்செய்தி எட்டியது. அவர்கள் உடனே தாமாக முடிவெடுத்து விடவில்லை. முதலில் முஹாஜிர்களையும், பின்னர் அன்சாரிகளையும், அதன்பின் குறைஷி முதியோரையும் தனித்தனியே அழைத்துக் கருத்துக் கேட்டார்கள். முதல் இரு சாராரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. முதியோர் மட்டும் ஒருமனதாகத் திரும்பிச் செல்வதே நலம் என்றனர். உமர் (ரலி) திரும்ப முடிவு செய்தபோது, இறைவன் விதித்ததை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) வினவினார்கள். ஒரு விதியிலிருந்து இறைவனின் மற்றொரு விதியின்பால் செல்வதாக விடையளித்தார்கள் உமர் (ரலி). பின்னர் வந்துசேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லலாகாது, நோயுள்ள ஊரில் இருப்போர் அதற்கு அஞ்சி வெளியேறலாகாது என்ற பொருள்படும் நபிமொழியை எடுத்துரைத்தார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. தவக்குல் வைப்பதும் தற்காப்புத் தேடுவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பது ஒன்று. அறிந்தவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கும்போதும், விசாரித்து, எடைபோட்டு, ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும் என்பது மற்றொன்று.

பாக்தாத் வழியாக வந்த அம்மைப்பால்

பெரியம்மை நமது நாட்டில் குடும்பம் குடும்பமாக உயிர்களை வாரிக்கொண்ட நோய். அதனைத் தட்டம்மையிலிருந்து பிரித்தறிவதில் மருத்துவ உலகம் முன்னேறியதற்கு, பாரசீக மருத்துவர் அர்ராஸி அம்மை நோய்களைப் பற்றி எழுதிய நூல் பெருந்துணையாயிற்று. அம்மைப் புண்ணிலிருந்து எடுத்த பொருளைச் சிறிதளவு உடலில் செலுத்தி, மிதமான நோயை வரவழைத்து, பின்னால் வரவிருக்கும் கொடிய நோயைத் தடுக்கும் பழக்கம் உதுமானிய நாட்டில் இருந்தது. அதனைக் கண்டு வியந்த ஆங்கிலப் பெண்மணி மேரி மாண்டேகு 1721ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கு அதனைக் கொண்டுசென்றார். 1796இல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மையைக் கொண்டு பாதுகாப்பான வழியைக் கண்டார்.

அவ்வம்மைப்பால் கடல்வழியாக இந்தியாவுக்கு வருமுன் வெயிலில் கெட்டுப்போயிற்று. எனவே வியன்னாவிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத், பஸ்ரா வழியாக, ஆளுக்கு ஆள் செலுத்திக்கொண்டே வந்து, 1802 ஜூன் மாதம் பம்பாயை அடைந்தது. அங்கே மூன்று வயதுச் சிறுமியொருத்திக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே சென்னை மாகாணத்திற்கும் பரவிற்று. பின்னர் 1899இல் சென்னை கிண்டியில் நிறுவப்பட்ட கிங் இன்ஸ்டிடியூட், மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் தயாரித்து அனுப்பியது. அம்மை குத்துவோர் ஊருக்குள் வரும்போது பிள்ளைகளை ஒளித்துவைத்த குடும்பங்கள் அக்காலத்தில் உண்டு. ஆனால் அந்த ஊசியின் விளைவு என்ன? 1975இல் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி அஸ்ஸாமில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகமே அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இன்றைய இளைஞர்கள் பெரியம்மைத் தழும்பு விழுந்த முகத்தைக் காண்பதே அரிது.

ஹஜ் பயணமும் நோய்த்தடுப்பும்

பல நாட்டு மக்கள் ஓரிடத்தில் திரளும்போது நோயும் அவர்களோடு பயணம் செய்கிறது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலரா பரவி ஆயிரக்கணக்கான ஹாஜிகள் உயிரிழந்தனர். அந்நோய் பின்னர் எகிப்து வழியாக ஐரோப்பாவையும் எட்டியது. அடுத்த ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. செங்கடலில் உள்ள கமரான் தீவில் 1882இல் உதுமானிய அரசு தடுப்புக்காவல் நிலையம் ஒன்றை அமைத்தது. இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஹாஜிகள் ஜித்தாவைக் காணுமுன் அத்தீவில் இறங்கித் தங்க வேண்டியதாயிற்று. 1896இல் பம்பாயில் பிளேக் தோன்றியதும், 1897இல் இந்திய அரசு ஹஜ் பயணத்தையே தடைசெய்தது.

அதே பிளேக் காலத்தில் பம்பாயில் வால்டெமார் ஹாஃப்கின் என்னும் அறிஞர் தடுப்பூசி தயாரித்து, 1897 ஜனவரி மாதம் தம் உடலிலேயே முதலில் செலுத்திப் பார்த்தார். மக்கள் அஞ்சினர். அப்போது இளைஞராக இருந்த மூன்றாம் ஆகா கான், தம் சமூகத்தார் காணும்படி பொது இடத்தில் ஊசி போட்டுக்கொண்டு அவர்களின் அச்சத்தைப் போக்கினார். ஆயிரம் துண்டுப் பிரசுரங்கள் செய்யாததை, மதிப்புக்குரிய ஒருவர் முன்னின்று செய்யும் செயல் செய்துவிடுகிறது.

அண்மைக் காலத்திற்கு வருவோம். 1987 ஹஜ்ஜின்போது மூளைக் காய்ச்சல் பரவியதைத் தொடர்ந்து சவூதி அரசு அதற்கான ஊசியைக் கட்டாயமாக்கியது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் அக்கிருமியின் வேறொரு வகை ஹாஜிகளிடையே பரவவே, நான்கு வகைகளையும் தடுக்கும் ஊசி கட்டாயமாயிற்று. இன்று நமது ஹாஜிகள் எவ்வித எதிர்ப்புமின்றி அதனைப் போட்டுக்கொள்கின்றனர். காரணம், அது வெறும் சடங்கன்று, அனுபவம் கற்பித்த பாடம் என்பதை நாம் அறிந்துள்ளோம். ஃப்ளூ ஊசியைப் பற்றி மட்டும் அத்தெளிவு இன்னும் வரவில்லை. அதற்கு அந்நோயின் தனி வரலாற்றை அறிய வேண்டும்.

1918: ஊசி இல்லாத காலம்

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918 ஜூன் மாதம், பம்பாய்த் துறைமுகத்தில் காவல் புரிந்த சிப்பாய்கள் சிலர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதல் அலை மிதமாகவே கடந்தது. செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் அலைதான் பேரழிவை விளைத்தது. இருப்புப்பாதை வழியாக நாடெங்கும் பரவியது. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்து, தானியமும் தீவனமும் அருகிப்போன நேரம் அது. இந்தியாவில் மட்டும் இறந்தோர் ஒரு கோடிக்கும் மேல் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. பம்பாய் மாகாணத்தையும் மத்திய மாகாணங்களையும் நோக்க, சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் குறைவாகவே இருந்தது. முதியோரையும் குழந்தைகளையும் மட்டுமின்றி, இருபது முதல் நாற்பது வயது வரையுள்ள உழைக்கும் மக்களையும் அந்நோய் மிகுதியாகக் கொன்றது. இன்றைய இந்திய எல்லைக்குட்பட்ட மக்கள்தொகை 1911இல் 25 கோடியே 20 இலட்சமாக இருந்தது. 1921 கணக்கெடுப்பில் அது 25 கோடியே 13 இலட்சமாகக் குறைந்திருந்தது. நமது நாட்டின் கணக்கெடுப்பு வரலாற்றில் மக்கள்தொகை குறைந்த பத்தாண்டு அது ஒன்றே.

அப்போது மருத்துவர்களிடம் ஊசிகள் இல்லாமலில்லை. ஆனால் நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று தவறாகக் கருதி, அதனைக் கொண்டே ஊசிகள் தயாரிக்கப்பட்டன. அவை நோயைத் தடுக்கவில்லை. எதிரி யாரென்று தெரியாமல் வீசிய வாள் அது. 1933ஆம் ஆண்டில்தான் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லைட்லா ஆகிய மூவரும் மனிதருக்கு இன்புளூயன்சா உண்டாக்கும் வைரஸை இலண்டனில் பிரித்தெடுத்தனர். கோழிமுட்டைக் கருவில் அவ்வைரஸை வளர்க்கும் முறை வந்தபின், அமெரிக்கப் படைவீரர்களுக்காகத் தாமஸ் ஃபிரான்சிஸும் ஜோனஸ் சால்க்கும் தடுப்பூசி உருவாக்கினர். 1945இல் அது பொதுமக்களுக்கும் வந்தது. ஆனால் 1947இல் அதே ஊசி ஏறத்தாழப் பயனற்றுப் போயிற்று. வைரஸ் தன் உருவத்தை மாற்றிக்கொண்டுவிட்டதே காரணம். இவ்வைரஸ் ஆண்டுக்காண்டு வேடம் மாற்றும், ஊசியும் அதற்கேற்ப மாற வேண்டும் என்ற பாடம் அப்போதுதான் கிடைத்தது. உலகெங்கும் இவ்வைரஸைக் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 1952இல் ஒரு வலையமைப்பை ஏற்படுத்தியது.

1957: ராஜுலா கப்பல்

தமிழ் முஸ்லிம்கள் மறக்க முடியாத கப்பல் ராஜுலா. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைமுகங்களை இணைத்து ஓடியது. மலேயாவில் கடை நடத்தியோரும், கூலிவேலைக்குச் சென்றோரும், ஊருக்குத் திரும்பியோரும் அதன் தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தனர்.

1957இன் தொடக்கத்தில் சீனாவில் தோன்றிய புதுவகை இன்புளூயன்சா, ஏப்ரலில் ஹாங்காங்கையும் பின்னர் சிங்கப்பூரையும் பிடித்தது. அவ்வாண்டு மே மாத நடுவில் சிங்கப்பூரிலிருந்து ராஜுலாவில் வந்த பயணிகளுடன் அந்நோய் சென்னையில் இறங்கியது. இந்தியாவுக்குள் 'ஆசியக் காய்ச்சல்' நுழைந்த வாயில் நமது சென்னைத் துறைமுகமே. அக்காலத்தில் சென்னையிலிருந்து கடலூர், மாயவரம், தஞ்சாவூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை விழுப்புரம் சந்திப்பைக் கடந்தே சென்றது. கப்பலிலிருந்து இறங்கி ஊர் திரும்பியோருள் பலருக்கு விழுப்புரம் வழியே பாதை என்பதைச் சொல்லத் தேவையில்லை. சில வாரங்களில் நோய் நாடு முழுவதும் பரவியது. 1957 மே மாதத்திலிருந்து 1958 பிப்ரவரி வரை இந்தியாவில் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 44 இலட்சத்து 50 ஆயிரம் பேர். பதிவான இறப்புகள் 1,098. நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் நிறுவனத்தின் இன்புளூயன்சா மையம் இப்பரவலை ஆராய்ந்து பதிவு செய்தது.

அதே நேரத்தில் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மேன் என்னும் அறிஞர், ஹாங்காங் மருத்துவமனைகளில் கூட்டம் அலைமோதுவதாக ஏப்ரல் மாதம் செய்தித்தாளில் படித்ததும், வைரஸ் மாதிரியை வரவழைத்து ஆராய்ந்தார். சில மாதங்களில் அங்கே நான்கு கோடி ஊசிகள் தயாராயின. செய்தி ஒன்றுதான். ஒரு நாடு அதனைக் கேட்டுத் தயாரானது, மற்ற நாடுகளுக்கு நோயே முதலில் வந்துசேர்ந்தது.

1976: அவசரத்தின் விலை

ஊசியின் வரலாற்றில் வெற்றிகளை மட்டும் கூறுவது நேர்மையாகாது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் டிக்ஸ் படைமுகாமில் பன்றிக் காய்ச்சல் வகை வைரஸ் தோன்றியது. 1918 மீண்டும் வந்துவிடும் என்று அஞ்சிய அரசு, நாட்டு மக்கள் அனைவருக்கும் ஊசி போட முனைந்தது. நான்கு கோடிப் பேருக்கு மேல் ஊசி போடப்பட்டது. ஆனால் அந்நோய் முகாமைத் தாண்டிப் பரவவே இல்லை. ஊசி போட்டுக்கொண்டோருள் சில நூறு பேருக்கு 'கியான் பாரே' எனப்படும் நரம்புத் தளர்ச்சி நோய் உண்டாயிற்று. டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. இன்றைய ஃப்ளூ ஊசிகளில் அவ்வகைப் பாதிப்பு பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவர் என்ற அளவுக்கு மேற்படுவதில்லை. ஃப்ளூ நோயினாலேயே அந்நரம்பு நோய் வருவதற்கான வாய்ப்பு அதனைவிட அதிகம். எனினும் ஊசி என்பது எடைபோட்டு முடிவெடுக்க வேண்டிய ஒன்று என்பதை 1976 நமக்கு நினைவூட்டுகிறது.

2009 முதல் இன்று வரை

2009 ஏப்ரலில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் அறியப்பட்ட எச்1என்1 வைரஸ், மே மாதமே ஹைதராபாத்துக்கு வந்த விமானப் பயணியிடம் கண்டறியப்பட்டது. ஜூன் 11 அன்று உலகப் பெருந்தொற்றாக அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் புனேயிலும் சென்னையிலும் குழந்தைகள் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அவ்வாண்டு ஜூலையில் கெய்ரோவில் கூடிய அரபு நாடுகளின் சுகாதார அமைச்சர்கள், முதியோரும் சிறுவர்களும் நீடித்த நோயுள்ளோரும் அந்த ஆண்டு ஹஜ்ஜைத் தவிர்க்க வேண்டுமென முடிவு செய்தனர். 2010இல் இந்திய நிறுவனங்களே அவ்வைரஸுக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரித்தன.

பெருந்தொற்று முடிந்துவிட்டதாக 2010 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. வைரஸோ முடிந்துவிடவில்லை. பருவக் காய்ச்சல்களுள் ஒன்றாக நம்மிடையே நிலைத்துவிட்டது. 2015இல் மட்டும் இந்தியாவில் 42 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அதனால் பாதிக்கப்பட்டதாகப் பதிவாகி, 2,990 பேர் உயிரிழந்தனர். 2023 மார்ச்சில் எச்3என்2 என்னும் மற்றொரு வகை பரவியபோது, தமிழக அரசு ஒரே நாளில் ஆயிரம் காய்ச்சல் முகாம்களை நடத்தியது. நமக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. உலகளவில் ஆண்டொன்றுக்கு 2 இலட்சத்து 90 ஆயிரம் முதல் 6 இலட்சத்து 50 ஆயிரம் பேர் வரை இன்புளூயன்சாவால் உண்டாகும் மூச்சு நோய்களில் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சளிக் காய்ச்சல்தானே என்று ஒதுக்கிவிடத்தக்க எண்ணிக்கையன்று இது.

ஆண்டுதோறும் ஏன்? எந்த மாதத்தில்?

பெரியம்மை வைரஸ் மாறாத இயல்புடையது. ஆகவே அம்மைப்பால் அதனை ஒழித்துக் கட்டியது. போலியோ சொட்டு மருந்தும் அவ்வாறே. தொடக்கத்தில் வட மாநிலங்களில் அதனைப் பற்றி முஸ்லிம்களிடையே வதந்திகள் உலவின. உலமாக்கள் முன்வந்து எடுத்துரைத்தனர். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ நோயாளி ஒருவரும் இல்லை. 2014இல் போலியோ இல்லாத நாடென்ற சான்றும் கிடைத்தது. ஃப்ளூ ஊசியிடம் அதே வெற்றியை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால், எந்த வகைகள் பரவக்கூடும் என்று கணித்து, ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் சேர்க்க வேண்டியவற்றை உலக சுகாதார நிறுவனம் அறிவிக்கிறது. கணிப்பு நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாடும் அளவுக்கு ஃப்ளூ வருவதை நூற்றுக்கு 40 முதல் 60 விழுக்காடு வரை அது குறைக்கிறது. அதாவது, ஊசியின்றி நோயுறக்கூடிய பத்துப் பேரில் நான்கு முதல் ஆறு பேர் தப்பிக்கின்றனர். எஞ்சியோருக்கும் நோயின் கடுமை குறைய வாய்ப்புண்டு. முழுக் கவசமன்று, ஆனால் நல்ல குடை. பெருமழையில் குடை பிடித்தும் கால் நனைகிறது. அதற்காகக் குடையை யாரும் வீட்டில் வைத்துவிட்டுப் போவதில்லை.

காலமும் முக்கியம். டெல்லி, புனே போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழைக் காலமான ஜூலை முதல் செப்டம்பர் வரை ஃப்ளூ உச்சமடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையோடு அக்டோபர், நவம்பரில் உச்சமடைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே மழையை நம்பி வாழும் நமது விழுப்புரம் மாவட்டத்தாரும் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். சில மாதங்களில் அது தேய்ந்தும் போகும். எனவே மழை பிடிக்குமுன், செப்டம்பர் வாக்கில் போட்டுக்கொள்வது பொருத்தம். ஹஜ், உம்ரா செல்வோர் புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னரே போட்டுக்கொள்ள வேண்டும்.

யாருக்கு அவசியம்?

ஊசி இன்றியமையாத பிரிவினர் யாவர் என்பதில் மருத்துவ உலகில் பெரும் கருத்து வேறுபாடு இல்லை. 65 வயதைக் கடந்தோர், கர்ப்பிணிகள், ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, இருதயம், சிறுநீரகம், ஆஸ்துமா போன்ற நீடித்த நோயுள்ளோர், மருத்துவமனைப் பணியாளர் ஆகியோர் முதலிடம் பெறுகின்றனர். மாரடைப்புக்கு ஆளானோருக்கு ஃப்ளூ ஊசி போட்டு, வங்காளதேசம் உட்பட எட்டு நாடுகளில் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியானது. ஓராண்டில் ஊசி போடாதோரில் நூற்றுக்கு 4.9 பேர் இறக்க, போட்டுக்கொண்டோரில் 2.9 பேரே இறந்தனர். சர்க்கரையும் இருதய நோயும் பெருகிவரும் நமது சமுதாயத்தில் இது சிந்திக்கத்தக்க செய்தியாகும். இந்திய அரசும் ஹஜ் பயணிகளுள் முதியோருக்கும் நோயுள்ளோருக்கும் இவ்வூசியை வழங்கி வருகிறது.

உடல்நலமுள்ள இளைஞர்களுக்கு இது கட்டாயமன்று. ஆயினும் வீட்டில் படுக்கையில் உள்ள தாயோ, கைக்குழந்தையோ இருப்பின், தான் நோயைச் சுமந்து வந்து கொடுத்துவிடாதிருக்கப் போட்டுக்கொள்வது நன்று. ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு ஊசி போட இயலாது. தாய் கர்ப்பகாலத்தில் போட்டுக்கொண்டால் அக்குழந்தைக்கும் பாதுகாப்புக் கிட்டுகிறது. முன்னர் இவ்வூசியால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாகாது. கியான் பாரே நோய் கண்டவர்கள் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். கடும் காய்ச்சலில் இருப்போர் அது தணிந்தபின் போட்டுக்கொள்ளலாம்.

சில ஐயங்கள் அடிக்கடி எழுகின்றன. ஊசி போட்டால் ஃப்ளூ வந்துவிடுமா? வராது. ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸின் பகுதிகளே. கை வலியும் ஓரிரு நாள் உடல்வலியும் இலேசான காய்ச்சலும் வரலாம். அதில் ஹராமான பொருள் உண்டா? மூக்கில் தெளிக்கும் மருந்து வகைகள் சிலவற்றில் பன்றியிலிருந்து பெறும் ஜெலட்டின் சேர்க்கப்படுவது உண்மை. வழக்கமாகக் கையில் போடப்படும் ஊசிகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. ஐயமுள்ளோர் மருந்தின் பெயரைக் கேட்டறிந்து, அதன் சேர்மானத்தைப் பார்த்து, ஆலிம்களிடம் விளக்கம் பெறலாம். நோன்பு முறியுமா? தசையில் போடப்படும் ஊசியால் நோன்பு முறியாது என்றே ஆலிம்கள் பலர் விளக்கியுள்ளனர்.

செலவும் ஒரு பிரச்சினையே. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இடம்பெறாததால், பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில் பணம் கொடுத்தே போட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. தினக்கூலியை நம்பி வாழும் குடும்பத்தில் அனைவருக்கும் போடுவது எளிதன்று. அப்படியாயின், வீட்டிலுள்ள முதியவருக்கோ நோயாளிக்கோ மட்டுமாவது போடலாம். வசதியுள்ளோர் தம் உறவினரில் இயலாத பெரியவர் ஒருவருக்கு அச்செலவை ஏற்பது சிறந்த உதவியாகும். ஊசி போட இயலாதோரும் செய்யத்தக்கவை உண்டு. காய்ச்சலும் இருமலும் உள்ளபோது ஜமாஅத்துத் தொழுகையிலும் திருமணக் கூட்டத்திலும் கலந்து பிறருக்குத் தொல்லை தராமல் வீட்டில் தங்கலாம். இருமும்போது வாயை மூடலாம். மூச்சுத் திணறல், தணியாத காய்ச்சல், குழப்பமான பேச்சு ஆகியவை தென்பட்டால் மருந்துக்கடையோடு நின்றுவிடாமல் உடனே அரசு மருத்துவமனையை நாடலாம்.

நிறைவாக

1918இல் நம் முன்னோரிடம் பயனுள்ள ஊசி இல்லை. 1957இல் ஊசி உலகில் இருந்தது, நம் கைக்கு எட்டவில்லை. இன்று அது விழுப்புரத்திலேயே கிடைக்கிறது. முந்தைய தலைமுறையினருக்கு வாய்க்காத ஒன்று நமக்கு வாய்த்திருக்கிறது: முடிவெடுக்கும் வாய்ப்பு. ஸர்க்கில் உமர் (ரலி) அவர்கள் செய்ததுபோல, வதந்தியைக் கேளாமல் அறிந்தோரைக் கேட்டு, வீட்டிலுள்ளோரின் வயதையும் நோயையும் எண்ணிப் பார்த்து, மழைக்கு முன்னரே முடிவு செய்வோமாக. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தையும் நல்ல தெளிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.